வரிப் பாரத்தில் பிள்ளையில்லாதவர்

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் எங்கள் பட்டறை ஃபோர்மன் வீட்டு முன்னறைக்கு வாடகைக்கு வந்த அன்று, மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணே, உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

அவர் தூக்கி வந்த என் டிரங்குப் பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தார். உள்ளே சட்டி கழுவும் சத்தம் நின்றது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடப்போகிறவர், ஈரக்கையோடு வாசலுக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாடகையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

அவர் என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. கூரையைப் பார்த்து, சற்று உரக்கவே சொன்னார்: "ஏதோ கெடக்குதுங்க லா. ஒண்ணுக்கும் ஆகாததுங்க. மூக்கு ஒழுகிக்கிட்டு."

கதவிடுக்கிலும், சன்னலுக்கு வெளியேயும், கட்டிலுக்கு அடியிலும் கண்கள் மின்னிக்கொண்டிருந்தன. நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவம்வரை படித்துத் தேறிய முதல் ஆள். படித்தவன் எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்ளக்கூடாது என்று நம்பியவன். ஆகவே முதல் வாரத்திலேயே அந்தப் பிள்ளைகளை எண்ணி முடித்துவிட்டேன். எத்தனை என்பதை இங்கே எழுத, இத்தனை வருஷம் கழித்தும் எனக்கே கை வரமாட்டேன் என்கிறது. அவரோடு இருந்த பழக்கம்.

ஈப்போவில் அரசாங்க லாரிப் பட்டறை ஒன்றில் அவர் வெல்டிங் ஃபோர்மன். அதே பட்டறையில் நான் புதிதாகச் சேர்ந்த சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. அங்கே அவரைப்போல எண்ணுகிற ஆளைப் பார்க்க முடியாது. வெல்டிங் கம்பிப் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே, ஒரு கம்பி குறைகிறது என்பார். பிரித்துப் பார்த்தால் ஒரு கம்பி குறையும். லாரியின் அடியில் எத்தனை ஆணி இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் அந்த அறிவைப் பட்டறைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்.

சாப்பாட்டு நேரத்தில் தட்டுகளை எண்ணி வைக்கமாட்டார்கள். ஒரு அடுக்குத் தட்டை நடுவில் வைப்பார்கள். மிஞ்சினால் உள்ளே போகும். போதாவிட்டால் கடைசியில் வந்தவன் குண்டான் மூடியில் சாப்பிடுவான். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. மூடி பெரியது என்பதால் அதற்குப் போட்டி இருந்தது.

ஒரு தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்குப் பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். வீட்டுக்கு வந்ததும் அக்கா எல்லாரையும் தொட்டியருகே நிறுத்தி வரிசையாகத் தண்ணீர் ஊற்றி, சோறு போட்டு, பாயில் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் பாயிலிருந்து ஒரு பையன், "எங்க அம்மா எங்க?" என்று அழ ஆரம்பித்தான். விளக்கைப் போட்டுப் பார்த்தால் அடுத்த தெருத் தபால்காரர் மகன். அவனும் குளித்து, ரசம் சோறு சாப்பிட்டு, இவர் வீட்டுச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான்.

தபால்காரரிடம் திட்டு வாங்கிவிட்டுத் திரும்பியவரிடம் நான் கேட்டேன். "ஏண்ணே, பஸ்ஸுல ஏறும்போது ஒருவாட்டி எண்ணிப் பாக்கக்கூடாதா?"

"எண்ணுனா கொறையும் தம்பி," என்றார் அமைதியாக. "எண்ணாம விட்டதுக்குப் பாரு, கூடித்தானே வந்திருக்கு?"

பிள்ளைகளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. மூத்த பெண் பள்ளியில் முதலாவதாகத் தேறியபோது பட்டறையில், "பெயிலு லா. மண்டையில ஒண்ணும் இல்ல," என்று மூக்கைச் சிந்தினார். பாவம், சீன மெக்கானிக் ஒருவர் கோப்பி வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னார். இவர் அந்தக் கோப்பியையும் குடித்துவிட்டு வந்தார்.

இதைவிடக் கூத்து எங்கள் தலைமைக் கிராணி விஷயம். அவர் ஒரு தங்கமான மலாய்க்காரர். வருஷா வருஷம் பட்டறை ஆட்களின் வருமான வரிப் பாரங்கள், படிவங்கள்தான், அவர் கண்ணில் படும். இவருடைய பாரத்தில் மனைவி பெயர் இருக்கும். பிள்ளைகள் என்ற கட்டம் வெள்ளையாக இருக்கும். மனிதர் மனம் கேட்காமல் ஒரு நாள் தன் கம்பத்திலிருந்து, சொந்தக் கிராமத்திலிருந்துதான், ஒரு போத்தல் மூலிகைத் தைலம் வரவழைத்து, இவரைத் தனியே கூப்பிட்டு, "மனைவிக்கு மூன்று மாதம் கொடுங்கள், கடவுள் கண் திறப்பார்," என்று தோளைத் தட்டிக் கொடுத்தார். இவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். தமிழாட்களுக்கு உண்மை தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தைலத்தைக் கொல்லை வாழைக்கு ஊற்றினார். அந்த வருஷம் அந்த வாழையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கன்று.

"எத்தனை கன்னு வந்துருக்குண்ணே..." என்று ஆரம்பித்தேன்.

"டேய்!" என்று என் வாயைப் பொத்தினார்.

எனக்கு இது ஒரு வியாதியாகவே தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் கேட்டுவிட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"மொத ரெண்டும் தங்கல தம்பி. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருந்தோம். ரெண்டாவது போனப்ப இவரு மூணு நாளு லயத்து வாசல்லயே உக்காந்திருந்தாரு. அதுக்கப்புறம் பெரியவ பொறந்தா. பொறந்த அன்னிக்கே துணியில சுத்தி, கொண்டுபோயி குப்பை மேட்டுல வச்சுட்டாரு. பக்கத்து வீட்டம்மா ஒரு படி தவிடு குடுத்துட்டு எடுத்துக்கிச்சு. பேருக்குத்தான், வளத்தது நாங்கதான். எமன் வந்து கேட்டா, எங்க வீட்டுல பிள்ளையே இல்லிங்க, அது பக்கத்து வீட்டுதுன்னு சொல்லணும்ல? அதான் குப்பம்மான்னு கூப்புடுறோம்."

"அப்புறம் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கலையா?"

"கல்யாணத்தப்ப வாங்கிக்கலாம்னு இருந்தோம். வேலை பெர்மிட்டு கெடைக்காம அந்தம்மா ஊருக்குக் கப்பலேறிடுச்சு. தவிடு அப்புடியே நின்னுபோச்சு."

"இதெல்லாம் மூடநம்பிக்கை அக்கா," என்றேன், புத்தகத்தில் படித்த வார்த்தையை.

"இருக்கட்டும். அதுக்கப்புறம் ஒண்ணும் போகலியே," என்றார் அவர். நான் மிச்ச வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தேன்.

அந்தக் குப்பம்மாவுக்குத்தான் எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் சீமையிலிருந்து கடிதம் வந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கொடுத்திருந்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அங்கே போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் வேறு பெண்ணுக்கு. பயிற்சிக்குச் சம்பளமே தருவார்கள். விமான டிக்கெட்தான் நம் செலவு. அந்த டிக்கெட்டுக்கு வழியில்லை. அக்காவின் நகை வீட்டுக் கூரையாக மாறி வெகுநாள் ஆகியிருந்தது. கூட்டுறவுக் கடனும் முடிந்தபாடில்லை.

அவர் பட்டறையில், "சீமைக்குப் போயி ஆஸ்பத்திரித் துணி தொவைக்கப் போறாளாம். அதுக்கும் லாயக்கில்ல," என்று சொல்லித் திரிந்தார். ஆனால் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். வெல்டிங் நெருப்பு பறக்கும்போது பையைக் கையால் மூடிக்கொள்வார்.

அந்த மாதம்தான் வருமான வரிப் பாரங்களைச் சேகரிக்கும் வேலையைத் தலைமைக் கிராணி என்னிடம் கொடுத்தார். பாரத்தின் பின்பக்கத்துக் குறிப்புகளை முழுதும் படித்தவன் பேராக் மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிள்ளை பெற்றவர்களுக்கு வரிச்சலுகை உண்டு என்று அதில் இருந்தது. தவறுதலாகக் கேட்காமல் விட்டிருந்தால் பழைய வருஷங்களுக்கும் எழுதிக் கேட்கலாம், ஆறு வருஷம் வரை, என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மனிதர் ஒரு வருஷம்கூடக் கேட்டதில்லை. உட்கார்ந்து தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். டிக்கெட் வந்துவிடும்போல இருந்தது.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தெரியாமயா விட்டேன்? வேணும்னுதான் விட்டேன். அந்தக் காசு கண்ணு படக்கூடாதுன்னு நான் கட்டுன காணிக்கை."

"அண்ணே, எமன் வந்து வருமான வரி ஆபீஸ்ல ஃபைலைப் புரட்டிப் பாக்க மாட்டாரு."

"அவரு பாக்க மாட்டாரு. அவருகிட்ட இருக்குற சித்திரகுப்தன் யாரு? கிராணிதானே? கிராணிங்க எல்லாம் ஒருத்தனுக்கொருத்தன் கணக்கக் காட்டிக்குவீங்க. எனக்குத் தெரியாதா?"

அக்கா அடுக்களையிலிருந்து வந்தார். "அவ இங்கேயே கெடந்து பாத்திரம் தேய்க்கட்டும், அது எமனுக்குத் தெரியாது. அப்புடித்தானே?" என்றார். அவ்வளவுதான். அவர் பேனாவை வாங்கினார். எண்ணிக்கை எழுதும் இடத்தை நான் நிரப்பும்வரை காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்று, பிறகு கையெழுத்துப் போட்டார்.

சில வாரத்தில் நேரில் வரச் சொல்லி வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிறப்புச் சூராட்டுகளை, சான்றிதழ்களைத்தான், ரொட்டி டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு, அவரும் நானும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனோம். அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மா. மூக்குக் கண்ணாடி, மேசையில் கூரான பென்சில்கள். பேச்செல்லாம் மலாயில்தான்; அம்மணி என்பதற்குப் புவான்.

"பிள்ளைகள் எத்தனை?"

"ஏதோ இருக்கு புவான்."

"எத்தனை என்று கேட்டேன்."

அவர் ரொட்டி டின்னை அந்த அம்மா பக்கம் நகர்த்தினார். "எண்ணுறது கவர்மெண்டு வேலை. நான் டின்னோட கொண்டாந்துட்டேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷம் உங்கள் பாரத்தில் பிள்ளையே இல்லை. திடீரென்று ஒரு டின் நிறைய வந்திருக்கிறது. சொந்தக்காரர் பிள்ளைகளின் சூராட்டை இரவல் வாங்கி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்." மேலே இருந்த காகிதத்தை எடுத்தார். குப்பம்மாவுடையது. "இது உங்கள் மகளா?"

நான் மேசைக்கடியில் அண்ணன் காலை மிதித்தேன். பயனில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம் அவரை முந்திக்கொண்டது.

"இல்ல புவான். இவள வித்தாச்சு."

"விற்றுவிட்டீர்களா?"

"ஆமா. தவிட்டுக்கு."

பென்சில் கீழே விழுந்தது. ஒரு பிள்ளையை விற்றதற்கு வரிச்சலுகை கேட்டு வந்த முதல் தகப்பன் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. நான் எழுந்து நின்றேன். பள்ளியில் படித்த சுத்தமான மலாயில் நிலைமையை விளக்கினேன். "புவான், விற்றது உண்மை. விலையும் வாங்கியாயிற்று. ஆனால் சரக்கை ஒப்படைக்கவில்லை. வாங்கியவர் இந்தியாவுக்குப் போய்விட்டார்."

இதற்குமேல் கெடுக்க எதுவும் இல்லை என்ற நிலையில்தான் உட்கார்ந்தேன்.

அந்த அம்மா குனிந்து பென்சிலை எடுத்து வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. சட்டம் தெரியும். இவர்கள் என் பிள்ளைகள் என்று நீங்கள் என் முன்னால் சொல்ல வேண்டும், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேறு யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் வாருங்கள். இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவேன்."

இரண்டு நாள் அப்படியே போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். குப்பம்மா அவர் எதிரில் வந்து குந்தினாள். அதிகம் பேசாத பெண்.

"அப்பா, நான் இன்னும் தவிட்டுலதான் இருக்கேனா?"

அவர் செயினுக்கு இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

"சீமைக்குப் போனா அங்க அப்பா யாருன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்லட்டும்?"

அவர் எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் சைக்கிளில் ஏறிப் போனார். பக்கத்துச் சிலிபினில் வாத்துத் தீனி விற்கும் சீனர் கடை அடைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பியபோது கைப்பிடியில் ஒரு காகிதப் பை தொங்கியது. ஒரு படி தவிடு. அளந்து வாங்கியது.

வெள்ளிக்கிழமை வரி அலுவலகத்து நடைவழியில், எண்ணெய் தடவிச் சீவிய தலைகளாக அந்தப் பட்டாளம் முழுதும் சுவரோரம் நின்றது. தபால்காரர் மகன் நடுவில் இருக்கிறானா என்று நான் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அவர் குப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய், தவிட்டுப் பையை மேசைமேல் வைத்தார்.

"இது என்ன?" என்றார் அந்த அம்மா.

"தவிடு புவான்."

"எனக்கு எதற்கு? இது லஞ்சமா?"

"இல்லை புவான், விலை!" என்று நான் முந்திக்கொண்டேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னை வாயை மூடச் சொன்னார்கள்.

அவர் உடைந்த மலாயில் மெதுவாகச் சொன்னார். "வாங்கின அம்மா இல்ல. அவங்க போயிட்டாங்க. ஆனா இத்தன வருஷமா உங்க ஃபைலுலயும் இவ எனக்குப் பிள்ளையில்லதான். இப்ப எனக்கு வேணும். யார்கிட்டயாவது குடுத்துத்தானே திருப்பி வாங்கணும்? கவர்மெண்டுகிட்டயே குடுத்துடுறேன்."

மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. அந்த அம்மா தவிட்டைப் பார்த்தார், குப்பம்மாவைப் பார்த்தார்.

"அரசாங்கம் தவிடு வாங்காது," என்றார். "ஆனால் அந்தச் சன்னல் திட்டில் யாராவது ஒரு பையை வைத்துவிட்டு மறந்துபோனால், அதை நான் கவனிக்க மாட்டேன்."

அவர் பையைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்து நின்றார்.

"இப்போது சொல்லுங்கள். இவள் யார்?"

வழக்கம்போலக் கூரையை நோக்கிப் போன தலை பாதியில் நின்றது. கீழே இறக்கி, மகளைப் பார்த்தார்.  

"அனாக் சாயா," என்றார். என் பிள்ளை.

குப்பம்மா சடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். அந்த அம்மா அடுத்த சூராட்டை எடுத்தார். நடைவழியிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அனாக் சாயா, அனாக் சாயா என்று சொல்லிக்கொண்டே வந்தார். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. ஆறாவதாக ஒரு பையன் உள்ளே கால் வைத்தபோது அந்த அம்மா கையை உயர்த்தினார்.

"போதும். சலுகை ஐந்து பிள்ளைகளுக்குத்தான். அதற்குமேல் சட்டம் எண்ணாது."

அவர் அப்படியே மலர்ந்துபோனார். "சட்டமே எண்ணாதா? அப்ப மிச்சம் மூணு தப்பிச்சுது லா!" என்று தமிழில் கத்தியவர், சொன்னது என்னவென்று உறைத்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று வீடு வரும்வரை என்னிடம் சத்தியம் வாங்கினார்.

ஆகஸ்டில் காசோலை வந்தது. டிக்கெட் வாங்கினோம். சுபாங் விமான நிலையத்துக்குத் தெருவே ஒரு வேனில் போயிற்று. குப்பம்மா அழவில்லை. அக்கா அழுததில் மற்றவர்கள் அழ முறை வரவில்லை. அவர் மட்டும், "ஸ்வெட்டரப் போடு. இல்ல, இப்பப் போடாத, அங்க போயிப் போடு," என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போனதும் மாடிக்கு ஓடி, வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

விமானம் ஓடி, கிளம்பி, மூக்கைத் தூக்கியது. அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். கன்னமெல்லாம் தண்ணீர்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், காஜாங் பக்கத்துத் தமிழர் போலிருந்தது, அன்பாகக் கேட்டார். "யாரு தம்பி போறது? மகளா?"

அவர் கையை ஆட்டுவதை நிறுத்தவில்லை. விமானம் இன்னும் மேகத்துக்குக் கீழேதான் இருந்தது.

"யாரோ ஒரு பொண்ணுங்க," என்றார். "எனக்குத் தெரியாது."

பெரியவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். ஒரு மனிதரை அதிகாரி முன்னால் உண்மை சொல்லவைக்க அத்தனை பாடுபட்டவன் நான். நானும் அந்த விமானத்தையே பார்த்தேன்.

"ஆமாங்க," என்றேன். "எங்களுக்கு யாருன்னே தெரியாது."